வடிகால் கட்டியாச்சு, பூங்கா ஒதுக்கியாச்சு: பலன் கிடைத்ததா என்று அளப்பது எப்படி?

வார்டுவாசி (கேள்வி)

வணக்கம். கொங்குப் பக்கம் ஒரு மாநகராட்சியின் புறநகர்ப் பகுதியில் இருக்கிறேன். முன்பு பேரூராட்சியாக இருந்து பிறகு மாநகராட்சியோடு சேர்ந்த இடம். எங்கள் வார்டின் ஏரியா சபையில் (பகுதி மக்கள் கூடி உள்ளாட்சி வேலைகளைப் பேசும் சபை) உறுப்பினர்.

போன கூட்டத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். மழைநீர் வடிகால் எத்தனை மீட்டர், எத்தனை தெருவுக்குத் தார், எத்தனை எல்.இ.டி. விளக்கு, செலவு எவ்வளவு. ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் "100%" என்று இருந்தது.

எங்கள் தெரு வடிகாலும் அந்தத் தாளில் இருக்கிறது. ஆனால் ரேஷன் கடை முன்னால் தண்ணீர் பழையபடியேதான் நிற்கிறது. காரணம் கண்ணுக்கே தெரிகிறது. வடிகால் ஓடையில் போய்ச் சேரவில்லை, ஒரு காலி மனைக்கு முன்னால் முட்டி நின்றுவிட்டது. பொறியாளரிடம் கேட்டால், "எஸ்டிமேட்டில் இருந்த நீளத்தை முடிச்சிட்டோம் மேடம்" என்கிறார். அது உண்மைதான். அவரிடம் அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. மாஸ்டர் பிளான் வரைபடத்தில் எங்கள் பகுதியில் 40 அடி சாலை ஒன்று கோடு போட்டிருக்கிறது, பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு பூங்கா. நேரில் போனால் சாலை துண்டு துண்டாக இருக்கிறது. பச்சை இடத்தில் லாரிகள் நிற்கின்றன.

அடுத்த சபை நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று. அங்கே "எங்கள் பகுதி சரியில்லை" என்று புலம்பாமல், அவர்கள் மறுக்க முடியாத கணக்கோடு போக வேண்டும். காசு அதிகம் செலவாகாமல், நாங்கள் நாலைந்து பேர் செய்யக்கூடிய அளவில், எதை அளக்கலாம்? எப்படி அளந்தால் அதிகாரிகள் ஏற்பார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தரவுப்பிரியன்

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். மத்திய நகர்ப்புற அமைச்சகம் ஈஸ் ஆஃப் லிவிங் இன்டெக்ஸ் என்று, ஊர்கள் வாழ எவ்வளவு வசதியானவை என மதிப்பெண் போடும் பட்டியல் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. 2018-ல் ஒருமுறை, பிறகு 2020-க்கானது 2021 மார்ச்சில். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களில் பெங்களூரு முதல் இடம், சென்னை 4, கோவை 7. வாழ்க்கைத் தரம், பொருளாதாரம், சுற்றுச்சூழல் என்று பிரித்து மதிப்பெண் போடுகிறார்கள். மக்களிடம் கருத்துக் கேட்டதற்கு மட்டுமே 30 விழுக்காடு எடை. உங்கள் ஊருக்கு எந்தத் தலைப்பில் மதிப்பெண் குறைவு என்று பார்த்து அதையே சபையில் வைக்கலாம். அரசே வெளியிட்ட எண் என்பதால் மறுக்க முடியாது.

ஓய்வுபெற்ற நகரமைப்பு

வணக்கம்மா. நான் வரைவாளராகச் சேர்ந்து, நகரமைப்புப் பிரிவிலேயே பல ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியைப் படித்ததும் உடனே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கள் துறைக்குள் இருப்பவர்களே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

தம்பி சொன்ன இன்டெக்ஸ் ஊரையும் ஊரையும் ஒப்பிட உதவும். உங்கள் ரேஷன் கடைத் தண்ணீர் அதில் தெரியாது. ஊர் 4-வது இடமா 7-வது இடமா என்பதை வைத்து யாரும் ஒரு வடிகாலை நீட்டப்போவதில்லை. நீங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள்.

நான் இருந்த அலுவலகங்களில் பதிவேட்டுக்குக் குறைவில்லை. வந்த விண்ணப்பம், கொடுத்த திட்ட அனுமதி, வசூலான கட்டணம், எத்தனை நாள் நிலுவை, எல்லாம் இருக்கும். அனுமதி கொடுத்த மனைப்பிரிவு பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுத ஒரு பதிவேடு கிடையாது. இது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் உள்ளாட்சிகளின் திட்டமிடல் பிரிவை மதிப்பிடும்போது, சிறிய விண்ணப்பத்தை 8 வாரத்தில், பெரியதை 13 வாரத்தில் முடித்தார்களா என்பது முக்கியக் கணக்கு. வேகத்தை எண்ணுவது சுலபம். அந்த அனுமதியால் நல்ல தெரு வந்ததா என்று பார்க்க, பல வருஷம் கழித்து அங்கே ஒருவர் போய் நிற்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 74-வது அரசியல் சட்டத் திருத்தத்தோடு வந்த 12-வது அட்டவணையில் முதல் பணியே நகரத் திட்டமிடல்தான். அதாவது அது உள்ளாட்சிக்கு உரிய வேலை. நடைமுறையில் சென்னைக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), மற்ற ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு நகர் ஊரமைப்புத் துறையும் உள்ளூர் திட்டக் குழுமமும் திட்டம் போடுகின்றன. சாலையும் வடிகாலும் போடுவது மாநகராட்சி. திட்டம் போட்டவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர் என்பதால், பலன் வரவில்லை என்றால் இரண்டு பேருமே தங்கள் பங்கை முடித்துவிட்டதாகத் தாள் காட்ட முடியும். உங்கள் பொறியாளர் சொன்னதும் அதுதான்.

சரி, வடிகாலுக்கு வருவோம். மத்திய அமைச்சகம் 2008-ல் சேவைத் தர அளவுகோல் என்று 28 குறியீடுகளை வகுத்தது. குடிநீர், கழிவுநீர், குப்பை, மழைநீர் வடிகால் நான்குக்கும். மழைநீருக்கு இரண்டே குறியீடுகள். ஒன்று, சாலை நீளத்தில் எவ்வளவுக்கு வடிகால் இருக்கிறது, இலக்கு 100%. மற்றொன்று, வருஷத்தில் எத்தனை முறை தண்ணீர் தேங்கியது, இலக்கு பூஜ்யம். உங்களிடம் கொடுத்த தாளில் முதலாவது சம்பந்தப்பட்ட கணக்கு மட்டும் இருக்கிறது. இரண்டாவதைக் கேளுங்கள். அது நீங்கள் புதிதாகக் கிளப்பும் கோரிக்கையே இல்லை, அரசின் கையேட்டில் இருப்பது.

தேங்குதல் என்றால் என்ன என்பதற்கும் அந்தக் கையேடு அளவு சொல்கிறது: பொதுவாக ஆறு அங்குலத்துக்கு மேல் ஆழம், நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்பது. இது உங்களுக்குப் பெரிய வசதி. ரேஷன் கடை எதிரில் உள்ள மின்கம்பத்தில் தரையிலிருந்து அரை அடியில் ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் கோட்டைத் தொட்ட நேரம், கோட்டுக்குக் கீழே இறங்கிய நேரம், இரண்டையும் நோட்டில் எழுதி, நேரம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். கடைக்காரர் ஒருவரும் மாடி வீட்டுக்காரர் ஒருவரும் இருந்தால் போதும். அன்றைக்குப் பெய்த மழை எத்தனை மி.மீ. என்பதைப் பக்கத்து மழைமானி நிலையத்தின் கணக்கிலிருந்து எடுத்து அதே வரியில் எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் மொத்த உழைப்பும் வீண். "இந்த வருஷம் மழை அதிகம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். இன்ன அளவு மழைக்கு எத்தனை மணி நேரம் நின்றது என்று இருந்தால்தான் வருஷத்தோடு வருஷத்தை ஒப்பிடலாம்.

அதோடு, வேலை எதுவும் நடக்காத, அதே தாழ்வில் இருக்கும் இன்னொரு தெருவிலும் ஒரு கோடு போடுங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே மாதிரி வடிகிறது என்றால், வடிகாலால் மாற்றம் இல்லை என்பதை நீங்கள் விவாதித்து நிரூபிக்கத் தேவையே இல்லை. மூன்றாவது கோடு, தண்ணீர் போய்ச் சேரும் பள்ளத்தில். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மேட்டுத் தெருவில் பலன் என்று காட்டும் வடிகால், கீழே இருக்கும் காலனிக்குள் அதே தண்ணீரைத் தள்ளியிருக்கும். அங்கே வீட்டுக்குள் கட்டிலைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைக் கணக்கில் சேர்க்காத அளவீடு எனக்கு நேர்மையானதாகத் தெரியவில்லை.

அடுத்து 40 அடி சாலை. இது ஏன் துண்டு துண்டாக இருக்கிறது தெரியுமா? மாஸ்டர் பிளானில் கோடு போடுவதோடு பல ஊர்களில் நிலம் எடுக்கும் வேலை நின்றுவிடும். அப்புறம் ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் அனுமதி கொடுக்கும்போது, அவரவர் நிலத்துக்குள் வரும் சாலைப் பகுதியை வாங்கிக்கொள்வார்கள். நடுவில் ஒருவர் தோட்டத்தை விற்காமல் வைத்திருந்தால் அந்த இடத்தில் சாலை இருக்காது. தாளில் பார்த்தால் பெரும்பகுதி நிலம் வந்துவிட்டது போல இருக்கும், வண்டியோ போக முடியாது. அதனால் எத்தனை மீட்டர் சாலை உருவானது என்று கேட்காதீர்கள். குப்பை வண்டியும் 108 ஆம்புலன்ஸும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திரும்பாமல் போக முடிகிறதா, முடியாவிட்டால் எந்த சர்வே எண்ணில் தடைபடுகிறது என்று கேளுங்கள். விடுபட்ட துண்டு பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த சர்வே எண்ணை சபையின் மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஏற்றுங்கள்.

பூங்காவில்தான் நீங்கள் அதிகம் சாதிக்க முடியும் என்று நினைக்கிறேன். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதியில் 10 விழுக்காடு ஓ.எஸ்.ஆர். நிலமாக, அதாவது பொதுத் திறந்தவெளியாக, விட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் நிலமாகவே தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். அதற்குக் குறைவானவற்றில் நிலத்துக்குப் பதில் பணம் கட்ட வழி உண்டு. உங்கள் வார்டில் இத்தனை வருஷமாக வந்த மனைப்பிரிவுகளின் பட்டியலை வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நிலம், எந்த சர்வே எண், பத்திர எண் என்ன. கையில் பட்டியலோடு நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் விளையாடுகிறார்களா, பூட்டிக் கிடக்கிறதா, சீமைக்கருவேலம் முளைத்திருக்கிறதா, யாராவது வேலி போட்டிருக்கிறார்களா, உள்ளாட்சியே தண்ணீர்த் தொட்டியோ கட்டடமோ கட்டிவிட்டதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பூங்காவாக இருப்பவற்றுக்குச் சாயங்காலம் போங்கள். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், அதில் பெண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். பணம் கட்டியவர்களிடம் வாங்கிய தொகை எங்கே செலவானது என்பதையும் கேட்கலாம். அப்புறம் ஒன்று, பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991-லேயே செல்லாது என்று சொல்லியிருக்கிறது. இது பழைய சட்டப்போராட்டம், நீங்கள் தனியாக இல்லை.

இலக்கு வைக்கவே தெரியாதவர்கள் நம் அதிகாரிகள் என்று சொல்ல மாட்டேன். சென்னை மாநகராட்சி 2014-ல் நடைபயணம், சைக்கிளுக்கான கொள்கை ஒன்றை ஏற்றது. நாட்டுக்கே முன்னோடி. 2018-க்குள் 80 விழுக்காடு தெருக்களில் நடைபாதை, மொத்தப் பயணத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் நடையும் சைக்கிளும், நடந்துபோகிறவர் சைக்கிளில் போகிறவர் சாவு பூஜ்யம். எவ்வளவு நல்ல இலக்கு பாருங்கள், இந்த மூன்று இலக்குகளில் இரண்டு, மக்கள் வாழ்க்கையில் நடக்கும் மாற்றத்தையே அளக்கின்றன. 2018 வந்து போனது, சாவு பூஜ்யம் ஆகவில்லை. இலக்கைத் தவறவிட்டதுகூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. இலக்குக்குப் பக்கத்திலேயே வருஷா வருஷம் உண்மையான எண்ணை அச்சிட்டு வைத்திருந்தால், எந்தச் சாலையில் பாதை தவறியது என்று மூன்றாம் வருஷமே தெரிந்திருக்கும். சில பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்.

சிங்கைவாசி

ஐயா சொன்னதோடு ஒரு சேர்க்கை. இங்கே சிங்கப்பூரில் 2040 வரைக்கான தரைப் போக்குவரத்துத் திட்டம் "20 நிமிட நகர்ப்பகுதி, 45 நிமிட நகரம்" என்கிறது. நெரிசல் நேரத்தில் பத்தில் ஒன்பது பயணம் 45 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், அக்கம்பக்கத்துத் தேவைகள் 20 நிமிடத்துக்குள். இது வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரைக்குமான நேரம். எத்தனை கிலோமீட்டர் ரயில் பாதை என்பது அதற்குப் பின்னால்தான். 2030-க்குள் எல்லா வீட்டுக்கும் 10 நிமிட நடையில் ஒரு பூங்கா என்பதும் அதே வகை.

இங்கே இருக்கும் பணமும் ஆளும் உங்களிடம் இல்லை, தெரியும். ஆனால் நேரத்தை அளக்கப் பணம் வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். போன முறை ஊருக்கு வந்தபோது பார்த்தேன், அம்மா வீட்டிலிருந்து அங்கன்வாடி நேர்கோட்டில் கூப்பிடு தூரம். நடுவில் பைபாஸ் சாலை போகிறது, கடக்க வழியில்லை. சுற்றிப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகிறது. வயதான ஒருவரையும் பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் ஒரு தாயையும் நடக்கச் சொல்லி நேரம் பாருங்கள்.

ஓ.எம்.ஆர். ஆசிரியை

கண்ணகி நகர்ப் பக்கம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள் என்பதால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2000-லிருந்து சென்னையின் ஆற்றங்கரை, சாலையோரக் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். கட்டிய வீடுகளை எண்ணினால் பெரிய சாதனையாகத் தெரியும். மயிலாப்பூரில் நாலு வீட்டில் வேலை செய்த அம்மாவுக்குப் புது வீடு வந்தது, அந்த நாலு வீட்டு வேலை போனது. பள்ளி ஆண்டின் நடுவில் குடும்பத்தை இடம் மாற்றினால் பிள்ளை பழைய பள்ளிக்கும் போக முடியாமல் புதுப் பள்ளியிலும் ஒட்டாமல் நின்றுவிடுகிறது. பதிவேட்டில் பெயர் இருக்கும், பெஞ்சில் பிள்ளை இருக்காது.

அதனால் நீங்கள் எதை அளந்தாலும் வார்டு முழுவதற்கும் சராசரி போட்டுவிடாதீர்கள். யாருக்கு என்று பிரித்து எழுதுங்கள். சொந்த வீட்டுக்காரர் தனி, வாடகைக்காரர் தனி, காலனி தனி. வாடகைக்கு இருப்பவர்களை இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வீட்டுக்குள் வந்தது எத்தனை மணிக்கு என்று துல்லியமாகச் சொல்லப்போவது அவர்கள்தான்.

வார்டுவாசி

எல்லோருக்கும் நன்றி. மின்கம்பக் கோடு நாளைக்கே போட்டுவிடுகிறோம். கீழே ஓடைக்கரைக் காலனியில் இரண்டு அக்காக்களிடம் பேசினேன், அங்கேயும் நோட்டு வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். "இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து நேரம் கேட்டதில்லை" என்றார்கள்.

ஐயா, ஒரே ஒரு சந்தேகம். லாரி நிற்கும் பச்சை இடம் மாஸ்டர் பிளானில் பூங்கா என்று இருக்கிறது. அதையும் ஓ.எஸ்.ஆர். பட்டியலில் சேர்த்துக் கேட்கலாமா?

ஓய்வுபெற்ற நகரமைப்பு

சேர்க்க வேண்டாம்மா. இரண்டும் வேறு. ஓ.எஸ்.ஆர். என்றால் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சியின் கைக்கு வந்த நிலம். மாஸ்டர் பிளானில் பச்சை அடித்திருப்பதால் மட்டும் நிலம் யாருடைய கையும் மாறாது. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 38-ஐப் படியுங்கள். திட்டத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கிய நிலத்தைக் கையகப்படுத்த மூன்று வருஷத்துக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால், அது ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும். அந்த இடம் தனியார் பட்டாவாக இருந்தால் சபையில் நீங்கள் சண்டை போட்டுப் பயனில்லை, லாரிக்காரர் மேல் தப்பும் இல்லை.

முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பார்ப்பதற்குக் காசு இல்லை. உள்ளாட்சி பெயருக்குத் தானப்பத்திரம் இருந்தால் அதில் வர வேண்டும். இல்லை என்றால், தகவல் உரிமைச் சட்ட மனுவில் இப்படிக் கேளுங்கள்: மாஸ்டர் பிளானில் எங்கள் வார்டில் பூங்கா, பள்ளி, சாலைக்கு என்று ஒதுக்கிய சர்வே எண்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதியில் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்கப்பட்டது, அதன் ஆணை நகல். "ஏன் எடுக்கவில்லை" என்று எழுதாதீர்கள். காரணம் கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். தேதியையும் நகலையும் மட்டும் கேளுங்கள், கூடவே கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். மாநகராட்சிக்கு ஒன்று, உள்ளூர் திட்டக் குழுமத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக அனுப்புங்கள், தலா 10 ரூபாய்தான். பதில் வர 30 நாள் ஆகும், அதனால் செப்டம்பர் முடிவதற்குள் தபாலில் சேர்த்துவிடுங்கள்.